மாற்றிய சுவாசப்பையும் குருதி கூறும் குறியும்

ஒருவர் உடலிலிருந்து எடுத்த உறுப்பை இன்னொருவர் உடலிற் பொருத்தி உயிர் காத்தல், இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் சாதித்த அருஞ்செயல்களுள் ஒன்றாகும். சிறுநீரகம், ஈரல், இதயம் என்பனவற்றோடு சுவாசப்பையும் இன்று இவ்வாறு மாற்றப்படுகின்றது. ஆயின் இந்நான்கனுள் மிகக் குறைந்த காலம் நிலைத்து நிற்பது சுவாசப்பையே. சத்திர சிகிச்சை செவ்வனே முடிந்து, நோயாளி மூச்சுத் திணறலின்றி நடமாடி, தம் தொழிலுக்கும் திரும்பிய பின்னர், பொருத்திய சுவாசப்பை மெல்ல மெல்லச் செயலிழக்கத் தொடங்குகின்றது. மாற்றீடு பெற்றோருள் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இந்நிலையை அடைகின்றனர். இதனையே நாட்பட்ட நிராகரிப்பு என வைத்தியர்கள் வழங்குவர். இக்கேடு மூச்சிலே தெரியவரும்போது பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். அதற்கு முன்னரே அதன் வரவைக் குருதியிலிருந்து அறியலாகுமா? அவ்வாறு அறிவதனால் நோயாளிக்கு நன்மை உண்டா? இவ்விரு வினாக்களும் ஒருங்கே ஆராயத்தக்கவை.

உடல் பிறர் உறுப்பை ஏன் ஏற்க மறுக்கின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயமுற்றோருக்குப் பிறர் தோலை ஒட்டிப் பார்த்த ஆராய்ச்சிகளிலிருந்து இக்கேள்விக்கு விடை கிடைத்தது. ஒருவரது தோலை முதன்முறை ஒட்டினால் அது சில நாட்கள் இருந்து அழிகின்றது. அவரது தோலையே மறுமுறையும் ஒட்டினால் முன்னையிலும் விரைவாக அழிகின்றது. உடல் முன்னர்க் கண்ட பகையை நினைவில் வைத்திருக்கின்றது என்பதற்கு இது சான்று. பிரித்தானிய விஞ்ஞானி பீற்றர் மெடவார் இவ்வுண்மையை நிலைநாட்டினார். 1960 ஆம் ஆண்டில் மக்ஃபர்லேன் பேர்னற்றுடன் நோபெல் பரிசையும் பெற்றார். 1954 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோசப் மறே என்பவர் ஒத்த இரட்டையர் இருவரிடையே சிறுநீரகத்தை மாற்றி வெற்றி கண்டார். இரட்டையர் உடல்கள் ஒரே மரபினவாதலின் அங்கே நிராகரிப்பு நிகழவில்லை. ஏனையோர்க்கோ அந்த வாய்ப்பு இல்லை. நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடும் நிர்ப்பீடன ஆற்றலே அவர்களது உடலிற் பொருத்திய உறுப்பையும் பகையெனக் கொண்டு தாக்குகின்றது.

மனிதரில் முதலாவது சுவாசப்பை மாற்றீடு 1963 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே ஜேம்ஸ் ஹார்டி என்னும் சத்திர வைத்தியரால் நிகழ்த்தப்பட்டது. அந்நோயாளி 18 நாட்கள் உயிர் வாழ்ந்தார். 1968 இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் ஃபிறிற்ஸ் டெறொம் சிகிச்சை செய்த நோயாளி ஏறக்குறையப் பத்து மாதம் வாழ்ந்தார். அக்காலத்து முயற்சிகளுள் அதுவே மிக நீண்டது. பின்னர் ஒரு பங்கசிலிருந்து பெறப்பட்ட சைக்குளோஸ்பொறின் என்னும் மருந்து, நிர்ப்பீடனத்தை அடக்கும் பணியில் பெருமாற்றத்தை ஏற்படுத்தியது. அதன் துணையுடன் 1981 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் புறூஸ் றைற்ஸ் இதயத்தையும் சுவாசப்பைகளையும் ஒருங்கே மாற்றினார். 1983 இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில் ஜோயெல் கூப்பர் ஒற்றைச் சுவாசப்பையை மாற்றி நிலையான வெற்றி பெற்றார். அவ்வெற்றிகளின் மகிழ்ச்சி அடங்குமுன்னரே, 1984 இல் ஸ்ரான்போர்ட் வைத்தியர்கள் புதியதொரு கேட்டினை அறிவித்தனர். நலமாயிருந்த நோயாளிகள் சிலரது சுவாசப்பைகளில் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் தழும்பினால் அடைபட்டுப் போயிருந்தன.

ஏனைய உறுப்புக்கள் உடலினுள்ளே மூடுண்டு கிடப்பன. சுவாசப்பையோ வெளியுலகத்தோடு இடையறாது உறவாடுவது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு எனக் கொண்டால், ஒரு நாளில் 21,600 முறை வெளிக்காற்று அதனுட் புகுந்து மீள்கின்றது. தூசும் புகையும் கிருமியும் அக்காற்றுடன் சேர்ந்தே செல்கின்றன. சில வேளைகளில் இரைப்பையின் அமிலமும் மேலெழுந்து சுவாசப்பையினுள் வழிகின்றது. இவற்றால் விளையும் ஒவ்வொரு சிறு புண்ணும் நிர்ப்பீடனக் கலங்களை அவ்விடத்துக்கு அழைக்கின்றது. வந்த கலங்கள் அங்குள்ள இழையம் அயலாருடையது என்பதையும் கண்டு கொள்கின்றன. இதனால் இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுடைய சிறு குழாய்களின் உட்சுவர் மீண்டும் மீண்டும் காயப்பட்டு, ஈற்றில் தழும்பிழையம் வளர்ந்து துவாரம் அடைபடுகின்றது. சிலரிடத்தில் குழாய்கள் மட்டுமன்றிச் சிற்றறைகளும் விறைத்துச் சுருங்குகின்றன. இவ்விரண்டாம் வகையினை ரொறொன்ரோ ஆய்வாளர்கள் 2011 இல் வேறுபடுத்திக் காட்டினர். இது முன்னதிலும் கொடியது.

இக்கேட்டினை இன்றும் மூச்சின் அளவு கொண்டே தீர்மானிக்கின்றனர். நன்றாக மூச்சை உள்வாங்கிப் பின் முழுவலிமையுடன் ஊதும்போது, முதல் ஒரு செக்கனில் வெளிவரும் காற்றின் அளவு கணிக்கப்படும். மாற்றீட்டின் பின்னர் ஒருவர் எய்திய மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரியே அவரது அடிநிலை. அவ்வடிநிலையிலிருந்து நூற்றுக்கு 20 பங்கு குறைந்து, அக்குறைவு வேறு காரணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்குமாயின், நாட்பட்ட கேடு உறுதி என்பது 2019 இல் உலகளாவிய நிபுணர்கள் வகுத்த விதி. மூன்று இலீற்றர் ஊதிய ஒருவர் 2.4 இலீற்றருக்கு இறங்கிய பின்னரே நோய் உண்டென முடிவு செய்யப்படுகின்றது என்பது இதன் பொருள். இழந்த 600 மில்லிலீற்றர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. தழும்பு மீண்டும் மெல்லிழையம் ஆவதில்லை. குழாயைச் செலுத்திச் சுவாசப்பையின் சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. ஆயின் நோய் சுவாசப்பை எங்கும் சீராகப் பரவுவதன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் அடைப்பு அத்துணுக்கில் அகப்படாது போதல் சாலவும் நிகழக்கூடியது. அன்றியும், குருதிப் பெருக்கு முதலிய இடர்கள் உள்ள அச்சோதனையை அடிக்கடி செய்தலும் இயலாது.

வீட்டுக் கூரையைத் தாங்கும் வளை உளுத்துப் போகும்போது, வெளித்தோற்றத்தில் அது நெடுநாள் திடமாகவே காணப்படும். கூரை தாழ்ந்த பின்னர் உளுத்தமை யாவர்க்கும் தெரியும். ஆனால் அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, வளையின் கீழ்த் தரையில் மெல்லிய தூள் விழுந்து கிடக்கும். கருத்துள்ள வீட்டுக்காரர் அத்தூளைப் பார்த்தே வளையைத் தட்டிச் சோதிப்பர். மூச்சின் அளவு குறைதல் கூரை தாழ்வதை ஒக்கும். குருதியில் ஆய்வாளர்கள் தேடுவது தரையில் விழும் அத்தூளையே. அத்தூள் ஒரு வகையினது அன்று. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை தருவன.

முதலாவது கேள்வி, பொருத்திய உறுப்பின் கலங்கள் இப்பொழுது அழிகின்றனவா என்பது. எந்தக் கலம் இறந்தாலும் அதனுள் இருந்த டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் சிறு துண்டங்களாக உடைந்து குருதியிற் கலக்கின்றது. இவ்வாறு கலத்துக்கு வெளியே குருதியில் டி.என்.ஏ. உண்டென்பதை பிரான்சிய ஆய்வாளர்களாகிய மண்டெல், மெற்றே என்போர் 1948 இலேயே கண்டனர். அரை நூற்றாண்டின் பின், 1998 இல், டெனிஸ் லோ என்பவரும் அவர்தம் குழுவினரும் ஆண்களின் உறுப்பைப் பெற்ற பெண்களின் குருதியைச் சோதித்தனர். ஆண்களுக்கே உரிய நிறமூர்த்தத்தின் துண்டங்கள் அதிற் காணப்பட்டன. அவை பொருத்திய உறுப்பிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே பாலினராயின் இம்முறை பயன்படாது. ஆனால் மரபெழுத்துக்களை விரைந்து வாசிக்கும் கருவிகள் பின்னர் வந்தமையால் இத்தடை நீங்கியது. இருவர் மரபிலும் வேறுபடும் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட்டு, குருதியிலுள்ள துண்டங்களுள் நூற்றுக்கு எத்தனை கொடையாளியுடையவை என இன்று கணக்கிட முடிகின்றது. சத்திர சிகிச்சை முடிந்தவுடன் இவ்வளவு மிகுந்திருக்கும். சில வாரங்களிற் படிப்படியாகத் தாழும். அது தாழாதிருப்பினும், தாழ்ந்த பின் மீண்டும் ஏறினும், உறுப்பு காயமுறுகின்றது என்பது பொருள். இத்துண்டங்கள் குருதியில் நெடுநேரம் தங்குவனவல்ல; சில மணி நேரத்துள் அழிவன. ஆதலின் இன்று காணும் அளவு இன்றைய நிலைமையையே காட்டும்.

இவ்வழியிற் செய்த ஆய்வுகளுள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த குழுவினர் 2019 இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. சுவாசப்பை பெற்ற 106 பேரிடத்தில், முதல் மூன்று மாதங்களில் எடுத்த அளவுகளின் சராசரியை அவர்கள் கணித்தனர். பின்னர் அந்நோயாளிகளை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்தனர். சராசரி மிகுந்திருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, உறுப்புச் செயலிழக்கும் அபாயம் ஏனையோரினும் 6.6 மடங்காக இருந்தது. ஆண்டுகள் கழித்து வெளிப்படும் கேட்டுக்கான விதை, தொடக்க மாதங்களில் ஓசையின்றி நிகழும் காயங்களிலேயே இடப்படுகின்றது என்பதை இம்முடிவு உணர்த்துகின்றது.

ஆயினும் இக்குறிக்கு ஒரு குறைபாடு உண்டு. கலம் இறந்தது என்று அது கூறும். எதனால் இறந்தது என்று கூறாது. நிராகரிப்பாயினும் கிருமித் தொற்றாயினும் அமில வழிவாயினும் அளவு ஏறும். நிராகரிப்புக்கு நிர்ப்பீடனத்தை மேலும் அடக்குதல் வேண்டும். தொற்றுக்கோ அதனை அடக்குதல் தீங்காய் முடியும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் மருந்தே நஞ்சாகும். இக்காரணத்தால், ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் கொடையாளியின் டி.என்.ஏ. துண்டங்களோடு கிருமிகளின் துண்டங்களையும் அதே குருதியில் தேடினர். இரண்டையும் சேர்த்து நோக்குதல் ஒரு வழியாகும். இன்னொன்றும் கவனித்தற்குரியது. கணக்கு நூற்றுவீதமாதலின், நோயாளியின் சொந்த டி.என்.ஏ. மிகும்போது கொடையாளியின் பங்கு குறைந்தது போலத் தோன்றும். ஒற்றைச் சுவாசப்பை பெற்றவரிடம் இரட்டை பெற்றவரிலும் பார்க்க அளவு இயல்பாகவே குறைவாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி, தாக்குவது யார் என்பது. பிரான்சிய வைத்தியர் ஜீன் டோசே 1958 இல் விவரித்த இழைய அடையாளப் புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவன. கொடையாளியின் அடையாளத்தை இலக்காகக் கொண்டு நோயாளியின் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குவதுண்டு. இத்தகைய எதிரிகளைக் கண்டறியும் எளிய சோதனையைப் போல் ரெறசாக்கி என்பார் கலிபோர்னியாவில் 1964 இல் அமைத்தார். இன்று அவ்வடையாளங்களை நுண்மணிகளின்மேற் பதித்து, எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எதிரி உண்டென்று தனித்தனியே அளக்கின்றனர். மாற்றீட்டின் பின் புதிதாக இவ்வெதிரிகள் தோன்றுவோர்க்கு நாட்பட்ட நிராகரிப்பின் அபாயம் மிகும் என்பது பல நிலையங்களிலும் உறுதியாகியுள்ளது. எனினும் எதிரிகள் தோன்றியும் நெடுநாள் நலமாயிருப்போர் உளர். எதிரிகள் எவையும் இன்றியே சுவாசப்பையை இழந்தோரும் உளர்.

மூன்றாவது கேள்வி, சுவாசப்பையின் உட்போர்வை எந்நிலையில் உள்ளது என்பது. சிறு குழாய்களின் உட்சுவரிலுள்ள ஒருவகைக் கலங்கள், அழற்சியைத் தணிக்கும் சிறு புரதமொன்றைச் சுரக்கின்றன. குழாய்கள் அடைபடும் நோயாளிகளின் குருதியில் இப்புரதம் குறைந்திருத்தல் காணப்பட்டது. காக்கும் கலங்கள் அழிந்தமையின் அடையாளம் அது. யப்பானில் கோனோ என்பவர் 1989 இல் அறிவித்த கே.எல்.-6 என்னும் சளிப்புரதமோ இதற்கு மாறானது. சிற்றறைகளின் கலங்கள் சேதமுற்று மீள வளரும்போது இது குருதியில் மிகுகின்றது. சுவாசப்பை விறைக்கும் ஏனைய நோய்களில் யப்பானிய வைத்தியர்கள் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

நான்காவது கேள்வி, நிர்ப்பீடனத்தின் மனநிலை யாது என்பது. உடல் இப்பொழுது தாக்கத் துணிந்துள்ளதா, அன்றி அடங்கியுள்ளதா என்றறிதலே இதன் நோக்கம். பிரான்சின் நாந்த் நகர ஆய்வாளர்கள், குருதிக் கலங்களில் எப்பரம்பரையலகுகள் செயற்படுகின்றன என்று ஆராய்ந்து 2018 இல் முடிவினை வெளியிட்டனர். பிறபொருளெதிரிகளை ஆக்கும் நிணநீர்க்கலங்களோடு தொடர்புடைய மூன்று பரம்பரையலகுகளின் அளவு, நோய் வெளிப்படுதற்கு ஆறு மாதத்துக்கு முன்னரே வேறுபட்டிருந்தது. அமெரிக்காவில் மோகனகுமார் என்பவரின் குழுவினர் வேறொரு வழியிற் சென்றனர். கலங்கள் குருதியில் விடும் நுண்பைகள் சிலவற்றின்மேல் சுவாசப்பைக்கே உரிய புரதங்கள் ஒட்டியிருத்தலை அவர்கள் கண்டனர். 2020 இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, நோய் தோன்றப் போவோரிடத்தில் இவை ஓராண்டுக்கு முன்னரே மிகுந்திருந்தன.

இவற்றினும் வியப்பைத் தருவது ஒரு வைரசு. 1997 இல் யப்பானிற் கண்டறியப்பட்ட இவ்வைரசு பெரும்பாலான மக்களின் குருதியில் வாழ்கின்றது. இதனால் விளையும் நோய் எதுவும் அறியப்படவில்லை. நிர்ப்பீடனம் தளர்ந்தால் இது பெருகும். நிர்ப்பீடனம் வலுத்தால் குறையும். காவற்காரன் உறங்கும் தோட்டத்தில் அணில்கள் மிகுதல் போன்றது இது. ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் சுவாசப்பை பெற்றோரை ஆராய்ந்தவர்கள் இதனை ஓர் அளவுகோலாகக் கொண்டனர். வைரசு மிகுந்திருப்பின் தொற்றின் அபாயமும், மிகக் குறைந்திருப்பின் நிராகரிப்பின் அபாயமும் உண்டென அவர்கள் கண்டனர். மருந்தின் அளவு குருதியில் எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலை எப்போதோ அளந்து வந்தது. அம்மருந்து உடலில் ஆற்றும் செயல் எவ்வளவு என்பதை அளக்க இது வழிகாட்டுகின்றது.

இத்தனை குறிகள் இருந்தும் வைத்தியர்கள் ஒன்றையேனும் முழுதாக நம்பி நடவாமை ஏன் எனின், அதற்குக் கணக்கே விடை கூறும். உதாரணத்துக்கு 100 நோயாளிகளை எடுத்துக் கொள்வோம். அவர்களுள் 20 பேருக்கு வரும் ஆண்டில் கேடு தோன்றும் எனவும், சோதனை நோயுறுவோரில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகக் காட்டும் எனவும், நலமாயிருப்போரில் நூற்றுக்கு 20 பேரைத் தவறாகக் காட்டும் எனவும் கொள்வோம். நோயுறப்போகும் 20 பேருள் 16 பேர் பிடிபடுவர். நலமாயிருக்கப்போகும் 80 பேருள்ளும் 16 பேர் பிடிபடுவர். ஆகவே அபாயம் எனப்பட்ட 32 பேருள் பாதிப் பேருக்கே அபாயம் உண்மை. மற்றப் பாதிப் பேரின் நிர்ப்பீடனத்தை வீணே மேலும் அடக்கினால், தொற்றும் சிறுநீரகச் சேதமும் புற்றுநோயும் அவர்களை அணுகும். அபாயமில்லை எனப்பட்ட 68 பேருள்ளோ 64 பேர் மெய்யாகவே நலமாயிருப்பர். எனவே இத்தகைய சோதனை அச்சந்தருவதிலும் பார்க்க ஆறுதல் தருவதிலேயே நம்பத்தக்கது. துணுக்குக் கிள்ளும் சோதனையை யாருக்குத் தவிர்க்கலாம், யாரை உடனே அழைத்துப் பார்த்தல் வேண்டும் என்று பிரித்தறிய அது உதவும்.

ஒரு நிலையத்திற் கண்ட முடிவு வேறு நிலையங்களிலும், வேறு மக்களிடத்தும் மீள நிரூபிக்கப்படுதலும் வேண்டும். ஒருமுறை எடுத்த அளவிலும் பார்க்க, ஒருவரிடத்திலேயே மாதந்தோறும் எடுத்த அளவுகளின் போக்குப் பெறுமதி மிக்கது. ஒருவருக்கு இயல்பானது மற்றவருக்கு மிகையாகலாம்.

இனி, முன்னறிவதனாற் பயன் என்ன என்னும் இரண்டாம் வினா எஞ்சி நிற்கின்றது. நாட்பட்ட நிராகரிப்பை முற்றாக மாற்றும் மருந்து இன்றும் இல்லை. அசித்திரோமைசின் என்னும் மருந்து சிலரது மூச்சளவை உயர்த்துதல் 2003 இல் அறிவிக்கப்பட்டது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்து 2011 இல் வெளியான ஒரு பரிசோதனையில், அதனை முற்கூட்டியே வழங்கியபோது குழாயடைப்பு நோய் குறைவாகக் காணப்பட்டது. குருதியின் வெண்கலங்களை வெளியே எடுத்து, மருந்தூட்டி, ஊதாக்கடந்த கதிரிற் காட்டி மீளச் செலுத்தும் முறை நோயின் விரைவைத் தணிக்க உதவுகின்றது. மறுபடியும் சுவாசப்பை மாற்றுதல் மிகச் சிலருக்கே கைகூடும். இச்சிகிச்சைகள் யாவும் எஞ்சியிருப்பதைக் காப்பனவேயன்றி இழந்ததை மீட்பன அல்ல. ஆதலின் எவ்வளவு எஞ்சியிருக்கும்போது அவை தொடங்குகின்றன என்பதே பயனைத் தீர்மானிக்கும். மூன்று இலீற்றர் மூச்சு உள்ளபோது தொடங்கும் சிகிச்சையும், ஒன்றரை இலீற்றரிலே தொடங்கும் சிகிச்சையும் ஒருபோதும் ஒரே பயனைத் தரமாட்டா.

முன்னறிவிப்பு இன்னொரு வகையிலும் உதவும். புதிய மருந்தொன்றைச் சோதித்தற்கு, நோய் முற்றியோரை மட்டும் சேர்த்தால் மருந்து நல்லதாயினும் பயன் தெரியாது. நோய் வரவிருப்போரை இனங்கண்டு சேர்த்தால் அதன் உண்மை வலிமை வெளிப்படும். இன்று குருதி தரும் குறிகள் நாளைய மருந்துகளுக்கு வழி திறத்தல் கூடும்.

ஒவ்வொரு மாற்றீட்டுக்குப் பின்னாலும் பெரும்பாலும் இறந்த ஒருவரின் கொடையும், துயரத்தின் நடுவே அதற்கு இசைந்த ஒரு குடும்பத்தின் பெருமனமும் உள்ளன. பெற்றவருக்கு அது சில ஆண்டு மூச்சு. பிள்ளையின் படிப்பு முடியும்வரை உடனிருக்கும் வாய்ப்பு. அவ்வாண்டுகளைப் பத்தாகவோ பதினைந்தாகவோ நீட்டுதற்கு ஒரு சிறு குழாய்க் குருதி உதவுமாயின், அதனைக் கருத்தோடு வாசித்தல் மருத்துவத்தின் கடமையாகும். ஆயினும் அக்குருதி கூறுவது ஊழின் எழுத்து அன்று. ஊதிப் பார்க்கும் மூச்சின் அளவு, கதிர்ப்படம், நோயாளி தாமே உணர்ந்து கூறும் மாற்றம் ஆகியவற்றோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டிய ஒரு சான்று அது. சான்று காலத்தோடு கிடைத்தால், செய்யத்தக்கதைச் செய்தற்குக் காலமும் கிடைக்கும்.